கடைசியாகச் சொன்ன பேர்

பேரைத் தப்பாகச் சொல்லவில்லை, அடைமொழியைக்கூட விடவில்லை, பின்னே என்னதான் குத்தம் என்று ஜெசிந்தா தனக்குள்ளேயே நாலாவது தடவையாக வழக்காடிக்கொண்டிருந்தாள். மேடையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு, முகத்தில் அந்தச் சிரிப்போடு. பாட்டுக்காரிகளுக்கென்று ஒரு சிரிப்பு இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் மேடை ஏறினால் அது தானாக முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், உள்ளே என்ன ஓடினாலும் அது பாட்டுக்கு இருக்கும். முன்னால் குமரேசன் மைக்கைக் கடிக்காத குறையாகப் பிடித்துக்கொண்டு ஒரு குத்துப்பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். அவன் முடிக்க இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது, அதற்கப்புறம் இவள் எழுந்து போய் அதே இடத்தில் நிற்க வேண்டும். அந்த இடம் மேடையின் ஓரத்திலிருந்து ரெண்டே அடி. ஓரத்திலிருந்து முதல் வரிசை சோபாவுக்கு ஏழெட்டு அடி இருக்கும். எறியத் தெரியாதவன்கூட எறிந்துவிடலாம், அவ்வளவு கிட்டம். சனியன், ஏன் இப்படி எல்லாவற்றையும் அளந்துகொண்டே இருக்கிறோம் என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது.

தேனி ரோட்டில் புதிதாகக் கட்டின மண்டபம், பகல் பன்னிரண்டரை மணி. பாண்டீஸ்வரி என்கிற பெண்ணின் மூணு வயசு மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன்கள் ரெண்டு பேர், மூத்தவர் காசிமாயன், இளையவர் ஜெயக்கொடி. வாசலில் கொட்டு மேளத்தோடு சீர்த்தட்டு வந்து நிற்கும்போது மைக்கில் பேர் சொல்லி வரவேற்கிறது ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் வேலை, ஆர்கெஸ்ட்ராவில் அது ஜெசிந்தா வேலை. பேர் எழுதின சீட்டைக் கொடுத்தார்கள். அதில் காசிமாயன் மேலே, ஜெயக்கொடி கீழே, ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். இவள்தான் மாற்றிச் சொன்னாள். மாற்றி என்றால் மறதியில் இல்லை, வேண்டுமென்றேதான், அதிலும் மரியாதைக்காக. மேடையில் பெரிய ஆளைக் கடைசியில்தானே கூப்பிடுவார்கள். முதலில் தாளத்துக்குப் பேடு வாசிக்கிறவர், அப்புறம் கிடார், கடைசியில் நிறுத்தி நிதானமாக, நமது குழுவின் தலைவர் என்று அல்போன்ஸ் மாஸ்டர் பேர், அதற்குத்தான் பெரிய கைதட்டல். அந்தப் பழக்கத்தில் இவள், அன்புத் தம்பி ஜெயக்கொடி அவர்களே வருக என்று ஆரம்பித்து, ஒரு இடைவெளி விட்டு, குரலை ஏற்றி, பாசமிகு அண்ணன் காசிமாயன் அவர்களே வருக வருக என்று இழுத்து முடித்தாள். ரெண்டு வருக போட்டாளே, அதை யாராவது கவனித்தார்களா. வீட்டு விசேஷத்தில் மூத்தவர் பேர் முதலில் வரணும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், இவள் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் போட்டிருந்தது. மைக்கைத் தொட்டதும் வீடு மறந்து மேடை ஞாபகம் வந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் மூணு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பாவிகள்.

காசிமாயன் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். கொட்டுக்காரர்கள் ரெண்டு அடி அடித்துப் பார்த்துவிட்டு அவர்களும் நின்றார்கள். பாண்டீஸ்வரிதான் ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்து, என்னமோ காதில் சொல்லி, கூட்டிக்கொண்டு வந்து முதல் சோபாவில் உட்காரவைத்தாள். கூட ஆறேழு ஆட்கள் வந்தார்கள். அதில் மெரூன் சட்டை போட்ட ஒருத்தன், முப்பது வயசிருக்கும், நேராக மேடைப் படிக்கு வந்தான். கத்தியிருந்தால் பரவாயில்லை, அவன் மெதுவாகத்தான் பேசினான். "நல்லாப் பேசுறீங்கக்கா. எங்க மாமா பேரு மட்டும் கடைசியில வந்துச்சு." இவள் எழுந்து நின்று, "இல்ல தம்பி, பெரியவங்கங்குற மரியாதையிலதான் கடைசியா..." என்று ஆரம்பித்தாள். அவன் கையை உயர்த்தி அமர்த்தினான். "இருக்கட்டும்க்கா. நீங்க பாடுங்க. நாங்க கேட்டுட்டுத்தான் போவோம்." போய் சோபாவுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தான். மடியில் ஒரு மஞ்சள் பை, பைக்குள்ளே வலது கை. அந்தக் கை வெளியே வரவேயில்லை, குமரேசன் ஆரம்பித்து ஒரு சரணம் முடியப்போகிறது, இன்னும் வரவில்லை.

கேட்டுட்டுத்தான் போவோம். எதைக் கேட்டுவிட்டு. பாட்டைக் கேட்டுவிட்டா, ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டுவிட்டா. பாட்டைக் கேட்கிறவன் நீங்க பாடுங்க என்று எதற்குத் தனியாகச் சொல்கிறான், பாடத்தானே வந்திருக்கிறோம். இல்லை, நல்ல பிள்ளையாகவும் இருக்கலாம், பாட்டுப் பிரியனாக இருக்கலாம், அக்கா அக்கா என்றுதானே பேசினான். போன மாசியில் எறிந்தவனும் அக்கா என்று கூப்பிட்டிருப்பான், யார் கண்டது. அந்த ஊர்ப் பேரை ஜெசிந்தா வாயால் சொல்வதில்லை, பஸ் போர்டில் பார்த்தால்கூட வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். கோயில் கொடைத் திருவிழா, ஒரு பாட்டை ரெண்டாம் தடவை பாடச் சொன்னார்கள், மாஸ்டர் அடுத்த பாட்டுக்கு வாசிக்க ஆரம்பித்துவிட்டார், அவ்வளவுதான் சங்கதி. சோடா பாட்டில். முகம் தெரியவில்லை, கூட்டத்திலிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்தது, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, அப்புறம் இடது காதுக்கு மேலே பளீரென்று ஒரு வெளிச்சம், வலிகூட இல்லை முதலில், சூடாகக் கழுத்தில் இறங்கினது என்னவென்று தொட்டுப் பார்த்தாள். ஏழு தையல். மல்லிகைச் சரத்தை அந்தப் பக்கமாக இறக்கி வைத்தால் தெரியாது. காதுக்குள்ளே உய்ங்ங் என்று ஒரு சத்தம் மட்டும் போகவேயில்லை, ஸ்பீக்கர் அலறும்போது அது அடங்கியிருக்கும், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வந்துவிடும். போலீசுக்குப் போகலாம் என்றதற்கு மாஸ்டர், "கேஸுன்னு போனா இந்தத் தாலுகாவுலயே நமக்கு மேடை கிடைக்காதும்மா" என்றார். விழாக் குழுவினர் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் நாலு பேர் கையிலும் சிவப்புக் கயிறு. தமிழ்நாட்டில் பாதிப்பேர் கையில் கயிறுதான், எவனை என்று சொல்வது. அன்றைக்குப் பிடித்த வியாதிதான் இது, ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறாள். பஸ்ஸில் கண்டக்டர் கையை, மளிகைக்கடைக்காரர் கையை, மாதா கோயிலில் நன்மை அப்பம் கொடுக்கிற சாமியார் கையை.

ஸ்டெஃபி வேண்டாம் என்றுதான் சொன்னாள். திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிற மகள், தையல் போட்டதை வந்து பார்த்துவிட்டு, நல்லாப் போடலைம்மா என்று டாக்டரைத் திட்டினவள், அப்புறம் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். நேற்று போனில், "காதுகுத்துதாண்டி, மத்தியானம், பந்தி முடிஞ்சா வேலை முடிஞ்சது. குடிச்சுட்டு வர மாட்டாங்க" என்று இவள் சொன்னதற்கு, "மத்தியானம்னா பாட்டில் பறக்காதாம்மா?" என்றாள். மண்டபத்து வேலை வேறு, திருவிழா வேலை வேறு என்று சொன்னாள். இங்கே பொம்பளைகள் இருப்பார்கள், பிள்ளைகள் இருப்பார்கள், சொந்தக்காரர்கள் இருப்பார்கள். இருக்கிறார்கள்தான். நானூறு பேர் இருப்பார்கள். சொந்தம் என்கிறதால்தானே இப்போது பயமாக இருக்கிறது, யாரோ எவரோ என்றால் பேர் முந்தினால் என்ன பிந்தினால் என்ன. மகளுக்கு ஆறு மாசமாக ஒரே பொய்யைச் சொல்லிச் சமாளிக்கிறாள், தைரியமாக இருக்கிறேன் என்று. தைரியம் எங்கே இருக்கிறது, பொட்டுக்கூட இல்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான், நாற்பத்திமூணு வயசில் புதிதாக என்னத்தைப் போய்க் கற்றுக்கொள்வது. அதைவிட, மைக்கில் முதல் மூச்சு விழுகிறபோது உடம்பில் ஒரு சுகம் வருமே, அது போய்விடுமோ என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம். பாட்டில் அடி மண்டையோடு போயிற்று, ஆனால் ஆறு மாசமாக ஒரு பாட்டையும் அவள் கண்ணை மூடிப் பாடவில்லை.

குமரேசன் ரெண்டாவது சரணத்துக்குப் போய்விட்டான். கூட்டத்தில் நாலைந்து பேர் எழுந்து ஆடினார்கள், அதில் ஜெயக்கொடி பக்கத்து ஆட்கள் மூணு பேர், வேண்டுமென்றே காசிமாயன் சோபாவுக்கு முன்னால் வந்து ஆடுகிறார்களா, இடம் அங்கேதான் இருக்கிறது என்று ஆடுகிறார்களா. மெரூன் சட்டை ஆடுகிறவர்களைப் பார்க்கவில்லை, மேடையைத்தான் பார்க்கிறான். இவளைத்தான் பார்க்கிறான். சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. இறங்கிப் போய்விட்டால் என்ன. படி வலது பக்கம் மட்டும்தான், அது முடிகிற இடத்தில் அவன் உட்கார்ந்திருக்கிறான். மேடைக்குப் பின்னால் ஒரு கதவு உண்டு, வரும்போதே பார்த்து வைத்தாள், எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறாள், ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் சமையல் அண்டாக்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அப்போதே தள்ளியும் பார்த்தாள், அசையவில்லை. வேன் டிரைவர் சாப்பிடப் போயிருப்பான். அப்படியே வெளியே போனாலும் தனியாகவா போவது, குமரேசன், பேடு வாசிக்கிற இருதயராஜ், மாஸ்டர், இத்தனை பேரையும் விட்டுவிட்டா. மாஸ்டருக்குச் சர்க்கரை, ஓடச் சொன்னால் ஓட முடியாது. ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது, இடுப்பு உயரம், குனிந்துவிடலாம். முதல் பாட்டில் தப்பினாலும் ரெண்டாவது எங்கேயிருந்து வரும் என்று தெரியாதே. அடச்சீ, இன்னும் யாரும் ஒன்றும் எறியவில்லை, நீயாகவே ரெண்டாவது வரைக்கும் போய்விட்டாய் என்று தன்னைத்தானே வைதுகொண்டாள்.

மன்னிப்புக் கேட்டால். மைக்கில் போய் நின்று, பெரியவர் பேரை முதலில் சொல்லியிருக்க வேண்டும், தெரியாமல் நடந்துவிட்டது, பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும் என்று சொன்னால். சொல்லலாம். ஆனால் இந்த நானூறு பேரில் முன்னூற்றைம்பது பேர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள், பந்தி எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்கிற சனம். மன்னிப்புக் கேட்டால் எதற்கு மன்னிப்பு என்று கவனிக்காதவனும் கவனிப்பான். காசிமாயனுக்கு அவமானம் நடந்தது என்று அவளே மைக்கில் அறிவித்த மாதிரி ஆகிவிடும். பேசாமல் இருந்தால், திமிரு, ஒரு வார்த்தை கேட்டாளா பார் என்பார்கள். கேட்டாலும் வம்பு, கேட்காவிட்டாலும் வம்பு. கேட்டுட்டுத்தான் போவோம் என்று அவன் சொன்னது, நான் மன்னிப்புக் கேட்கணும் என்கிற அர்த்தத்திலா, நாங்க கேட்டுட்டு என்றுதானே சொன்னான், நீங்க கேட்டுட்டு என்று சொல்லவில்லையே. ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்தப் பாடு. மாஸ்டர் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் அவள் பக்கம் சாய்ந்தார். "ஜெசி, தாய்மாமன் பாட்டைப் பாடு. மாமன்னு வர்ற இடத்துல எல்லாம் காசிமாயன் பேரைப் போட்டுப் பாடிரு. மனுசன் குளுந்துருவாரு." அவர் பாட்டுக்குச் சுலபமாகச் சொல்லிவிட்டார். "சின்னவரு ஆளுங்களுக்கு யாரு மாஸ்டர் பதில் சொல்றது?" என்றாள். "அப்ப அவரு பேரையும் போடு." "எதை முதல்ல?" மாஸ்டர் வாசிக்கிறதில் கவனமாக இருக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். அவருக்கும் உள்ளங்கை வேர்த்திருந்தது, கட்டைகள் மினுமினுத்தன.

குமரேசன் முடித்துவிட்டான். விசில், கொஞ்சம் கைதட்டல், அப்புறம் காதுக்குள் உய்ங்ங். எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். நாலு தப்படிதான், அதற்குள் எத்தனையோ ஓடியது மனசில், கொடியில் காயப்போட்ட துணி, ஸ்டெஃபி கடைசி செமஸ்டர், இருதயராஜ் காலையில் வாங்கித் தந்த வடையில் கடித்த மிளகு, மஞ்சள் பை. பேரே வேண்டாம். யார் பேரையும் போடாமல் மாமன் மாமன் என்றே பாடிவிடலாம், அவரவர் தன்னை என்று நினைத்துக்கொள்ளட்டும். மைக்கைப் பிடித்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், வாய்க்குப் பழகினது தானாக வந்தது. "என்ன, பசி வந்திருச்சா எல்லாருக்கும்? சத்தத்தையே காணோம். எங்க, கையை மேல தூக்கி ஒரு தாளம் போடுங்க பாப்போம். தாய்மாமனுக்காக." எந்தப் பாட்டுக்காரியும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறதுதான். இருதயராஜ் தாளத்தை எடுத்தான். முதலில் பிள்ளைகள், அப்புறம் பொம்பளைகள், அப்புறம் பின்வரிசை. கைகள் மேலே வந்தன.

ஜெசிந்தா பாட்டை ஆரம்பிக்க ஒரு நொடி மறந்தாள். நானூறு ஜோடிக் கைகள், விரித்த உள்ளங்கைகள், சிவப்புக் கயிறு, கறுப்புக் கயிறு, வளையல், வாட்ச், வெற்றிலைக் கறை, மருதாணி. எதிலும் ஒன்றும் இல்லை. அத்தனையும் வெறுங்கை. ஜெயக்கொடி சிரித்துக்கொண்டே தட்டினார். காசிமாயன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, தங்கச்சி மகளை மடியில் தூக்கி வைத்து, அவள் கைகளைப் பிடித்துத் தட்டவைத்தார். மெரூன் சட்டை. அவன் கை பையை விட்டு வெளியே வந்தது. வந்துவிட்டது. வெறுங்கைதான். மற்றவர்களைப் பார்த்துவிட்டு அவனும் தட்டினான், தாளம் தப்பாமல் தட்டினான். பைக்குள் என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும், கை மட்டும் வெளியே இருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. ஆறு மாசத்தில் முதல் தடவையாகத் தோள் இறங்கியது, குரல் அடிவயிற்றிலிருந்து சுத்தமாக எழுந்து வந்தது, அந்தப் பழைய சுகம், எங்கே போயிருந்தாய் நீ. முதல் சரணத்தில் ஒரு இடத்தில் கண்ணைக்கூட மூடிவிட்டாள். மாஸ்டர் ஆச்சரியமாகப் பார்த்தார். மாமன் என்று வருகிற இடமெல்லாம் ரெண்டு பக்கமும் பொதுவாகக் கையை நீட்டினாள், ரெண்டு பக்கமும் விசில் வந்தது. அவ்வளவுதான், ஒன்றுமில்லை, வீணாகப் பயந்தோம், ராத்திரி ஸ்டெஃபிக்குப் போன் போட்டுச் சொல்லணும். ரெண்டாவது சரணம். கடைசிப் பல்லவி. இருதயராஜ் முடிப்புக்கு உருட்ட ஆரம்பித்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாட்டு முடிந்தால் கைகள் இறங்கிவிடும். இறங்கின கைகள் அவரவர் மடிக்குப் போகும், பாக்கெட்டுக்குப் போகும், நாற்காலிக்கு அடியில் போகும். பாட்டைக் கேட்டாயிற்று, இனி கேட்க வேண்டியதைக் கேட்கலாம். கேட்டுட்டுத்தான் போவோம். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஆள்காட்டி விரலைச் சுழற்றினாள். இன்னொரு தடவை என்று அர்த்தம். மாஸ்டருக்குப் புரியவில்லை, இருதயராஜுக்குப் புரிந்தது, முடிப்பை விழுங்கிவிட்டுத் தாளத்தைத் திரும்ப எடுத்தான். பல்லவி மறுபடி. கூட்டத்துக்குக் குஷி, கையை இன்னும் மேலே தூக்கினார்கள். அதுவும் முடிந்தது. மறுபடி விரல் சுழன்றது. மூணாவது தடவை மாஸ்டர், "என்னம்மா பண்ற, போதும்" என்று கீபோர்டுக்கு மேலாக முணுமுணுத்தார். அவள் திரும்பவில்லை. திரும்பினால் கைகளைப் பார்க்க முடியாது. பின்னாலிருந்து யாரோ பந்தி போட்டாச்சு என்று குரல் கொடுத்தார்கள், கடைசி வரிசைகள் எழுந்து போயின, அங்கே தட்டுகிற சத்தம் மெலிந்தது. முன்வரிசைகள் எழுந்திருக்கவில்லை. காசிமாயன் மடியில் பிள்ளை தூங்கிப்போயிருந்தது, அவர் கை அதன் முதுகில் இருந்தது, சரி, அது தெரிகிறது. குமரேசன் தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினான், வேண்டாம் என்று தலையாட்டினாள், குடிக்கிற நேரத்தில் இடைவெளி விழும். நாலாவது தடவை மேல் சுரத்தில் குரல் பிசிறடித்தது. அஞ்சாவது தடவை அந்த இடத்தைக் கீழேயே பாடினாள். ஆறாவது சுற்றில் மெரூன் சட்டைக்காரன் தட்டுவதை நிறுத்தினான். சிவந்துபோன ரெண்டு உள்ளங்கையையும் விரித்து ஒருதரம் பார்த்தான், வேட்டியில் துடைத்துக்கொண்டான், அப்புறம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஜெசிந்தா மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் பல்லவியை எடுத்தாள்.